ஐந்தாண்டுக்கு ஒரு கையெழுத்து: அலாரம் பராமரிப்பு ஒப்பந்தத்தை நியாயமாக எழுதுவது

சென்ற சித்திரையில், திருநெல்வேலி டவுன் ரத வீதி ஒன்றில் உள்ள நகைக் கடையின் பின் அறையில் அலாரப் பேனலின் மூடியைத் திறந்து பார்த்தபோது நான் உடனிருந்தேன். உள்ளே இருந்த பேட்டரியின் பக்கச் சுவர் உப்பியிருந்தது. அதன் மேல் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்த தேதி நான்கரை ஆண்டுக்கு முந்தையது. மெக்கானிக் மீட்டரை வைத்தார், 12.6 வோல்ட் காட்டியது. கடைக்காரர் முகம் தெளிந்தது. பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சைரனை ஒலிக்கவிட்டோம். ஐந்தாறு நொடி அலறிய சைரன் குரல் கம்மி, முனகி, நின்றுபோனது. மீட்டர் 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அந்தக் கடைக்கு ஆண்டுக்கு நான்கு தடவை பராமரிப்புக்கு ஆள் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதிய தாளில் கடை மேலாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினால், நிறுவனம் கொடுத்த வாக்கு எதையும் மீறவில்லை. ஆண்டுக்கு நான்கு வருகை என்று எழுதியிருந்தது, நான்கு வருகையும் நடந்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று அந்த ஆறு பக்கத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, கடைக்காரர்கள், நகைக்கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்கள், வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலருக்கும் ஒப்பந்தங்களை வாசித்துத் திருத்தி எழுதிக் கொடுப்பது என் தொழில். அலாரம் நிறுவனங்களுக்காகவும் எழுதியிருக்கிறேன். இரு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்று உண்டு. ஃபேன் நின்றால் வியர்க்கும். மோட்டார் நின்றால் தண்ணீர் வராது. அலாரம் செத்துப்போனால் ஒன்றுமே நிகழாது. உயிரோடு இருக்கும் அலாரமும் பேசாமல்தான் இருக்கிறது, செத்த அலாரமும் பேசாமல்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனையும் அந்தச் சோதனையின் பதிவுமே வாடிக்கையாளர் ஆண்டுதோறும் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பண்டம். புழக்கத்தில் இருக்கும் ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தாள்களில் நான் கண்ட பெரும்பாலானவை ஆள் வந்து போவதை மட்டுமே விற்கின்றன. நீண்ட கால ஒப்பந்தத்தில் பின்னால் எழும் சண்டைகள் அனேகமாக இந்த இடைவெளியில் பிறந்தவை.

காவலுக்கு ஒப்பந்தம் போடுவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிப் பகுதியில் ஓர் ஊரை மட்டும் காக்கும் தலக்காவல், பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்தைக் காக்கும் திசைக்காவல் என்று இரு வகைக் காவல் இருந்தது. ஊரார் ஆண்டுதோறும் காவல் கூலி அளந்தார்கள். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதும், மீட்க முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்டுவதும் காவல்காரரின் கடமையாக இருந்தது. பாளையக்காரர்களை அடக்கிய பின் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களுடைய காவல் உரிமையைப் பறித்துக்கொண்டது. ஆனாலும் ஊர்க்காவல் அதற்குப் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. அந்த முறையின் கெட்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. காவல் கூலி தர மறுத்த வீட்டில் களவு நடப்பதும், தொலைந்த மாட்டைத் திரும்பப் பெற ‘துப்புக் கூலி’ கொடுக்க நேர்வதும் பின்னாளில் வழக்கமாயின. கூலி வாங்கியவருக்குப் பொறுப்பும் உண்டு என்பது அந்த ஏற்பாட்டின் நல்ல பாதி. ஒருமுறை உள்ளே வந்தவர் வெளியேற முடியாது என்பது கெட்ட பாதி. இன்றைய அலாரம் ஒப்பந்தங்கள் பலவற்றை வாசிக்கும்போது, நல்ல பாதி கழிந்து கெட்ட பாதி மட்டும் தங்கிவிட்டதோ என்ற வருத்தம் எனக்கு ஏற்படுகிறது.

சோதனையில் இருந்து தொடங்குவோம். பேனலுக்குள் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள, மூடிய ஈய-அமில பேட்டரி. தயாரிப்பாளர்கள் அதன் ஆயுளை 20 அல்லது 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்துச் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் இருப்பவர்கள் அறிந்த கணக்கு. ஷட்டர் இறக்கிய கடையின் பின் அறை சித்திரையிலும் வைகாசியிலும் எப்படிக் கொதிக்கும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருக்க, ‘பேட்டரி நுகர்பொருள், ஒப்பந்தத்தில் அடங்காது’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டால், அலாரத்தில் முதலில் சாகும் உறுப்பு யாருடைய கவனத்திலும் இல்லாமல் போகிறது. பேட்டரி விலையை வாடிக்கையாளரே கொடுக்கட்டும், அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும், அன்றைய விலை எப்படி முடிவாகும் என்பதும், ஒவ்வொரு வருகையிலும் மெயின் மின்சாரத்தை நிறுத்தி, சைரனைக் குறித்த நேரம் ஒலிக்கவிட்டு, முடிவில் மின்னழுத்தம் 10.5 வோல்ட்டுக்குக் குறையவில்லை என்று அளந்து எழுத வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தால் சாகக் கிடக்கும் பேட்டரியும் 12 வோல்ட்டுக்கு மேலே காட்டும். டவுன் கடையில் நாங்கள் கண்டது அதுதான்.

அசைவைக் கண்டுபிடிக்கும் பி.ஐ.ஆர். சென்சாருக்கும் நம் வெயிலோடு ஒரு வழக்கு உண்டு. மனித உடலின் வெப்பத்துக்கும் பின்னால் இருக்கும் சுவர், தரை ஆகியவற்றின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே அது ஆள் நடமாட்டத்தை அறிகிறது. அறையின் வெப்பம் 35, 37 டிகிரியை நெருங்கும்போது அந்த வேறுபாடு மங்கிவிடும். சென்சாரின் கண்ணும் மங்கிவிடும். அதே சென்சாரின் கண்ணாடி மேல் பல்லி ஊர்ந்தால், பக்கத்தில் இருப்பதால் பெரிய ஆள் போலத் தோன்றி அலாரம் அடிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்று பணகுடி, வள்ளியூர் பக்கத்தில் ஷட்டர்களைப் போட்டு உலுக்கும்போது அதிர்வு சென்சார்கள் காரணமில்லாமல் கத்துவதும், உவரி, திசையன்விளை பக்கத்தில் உப்புக் காற்று பட்டுக் கதவுக் காந்தத் தொடர்பின் கம்பி முனைகள் பச்சை பிடிப்பதும் இங்கே தொழில் செய்யும் எந்த மெக்கானிக்கும் அறிந்தவை. ஆகவே ‘ஆண்டுக்கு நான்கு வருகை’ என்பதோடு நிறுத்தாமல், ஒரு வருகை கோடை உச்சத்தில், அதுவும் அறை சூடாக இருக்கும் பிற்பகலில், நடமாடிப் பார்க்கும் சோதனையோடு நடக்க வேண்டும் என்றும், ஒன்று காற்றுக் காலத்துக்கு முன்பும், ஒன்று புரட்டாசி முடிவதற்குள், அதாவது இடியும் மழையும் தொடங்குமுன்பும் நடக்க வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளலாம். சென்னையில் அச்சடித்த படிவத்தில் இது இருக்காது. கேட்டால் எந்த நிறுவனமும் மறுப்பதில்லை என்பது என் அனுபவம்.

இதைவிட ஆபத்தானது, அலாரத் தொழிலில் எல்லாரும் ‘பைபாஸ்’ என்று சொல்லும் பழக்கம். பின் கதவின் சென்சார் காரணமில்லாமல் அடிக்கடி அடிக்கிறது, இரவு இரண்டு மணிக்குக் கடைக்காரர் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, புகார் செய்கிறார். வந்த ஆள் உதிரிப் பாகம் கையில் இல்லாததால், அந்தப் பகுதியை மட்டும் பேனலில் தற்காலிகமாக விலக்கி வைத்துவிட்டு, ‘இனி அடிக்காது’ என்று சொல்லிப் போகிறார். சொன்னது சத்தியம், இனி அடிக்காது, திருடன் வந்தாலும் அடிக்காது. உதிரிப் பாகம் வருவதற்குள் அந்த ஆள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டால், பின் கதவு மாதக் கணக்கில் காவலில்லாமல் கிடக்கும். இதற்கு நான் வழக்கமாக எழுதும் வாசகம் இது: ‘எந்தப் பகுதியையும் விலக்கி வைப்பதானால், வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற்று, விலக்கிய நாள், காரணம், மீண்டும் சேர்க்கும் நாள் ஆகியவற்றை வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஏழு நாளுக்கு மேல் விலக்கம் நீடித்தால், நீடிக்கும் காலத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது.’ கடைசிப் பகுதி தண்டனைக்காக எழுதியதல்ல. பழுதான பகுதி நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் பழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதியது.

அடுத்தது சிம் கார்டு. இதைச் சொல்லும்போது என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீடு அம்மா காலமான பிறகு பூட்டியே கிடக்கிறது. அங்கே ஓர் அலாரம் வைத்து, மூன்று ஆண்டுக்குப் பராமரிப்பு ஒப்பந்தமும் போட்டோம். ஆடி மாதத்து இரவு ஒன்றில் காற்றுக்குக் கொல்லைப்புறச் சன்னல் திறந்து, சைரன் அடித்திருக்கிறது. எதிர் வீட்டு ஆச்சி மறுநாள் காலையில் போன் போட்டு, “ராத்திரி பூரா ஒங்க வீடு கத்திச்சே, ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே, என்னய்யா?” என்று கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும். என் கைபேசிக்கும் அக்கா கைபேசிக்கும் வந்திருக்க வேண்டிய அழைப்பு வரவே இல்லை. பேனலில் இருந்த சிம் செயலிழந்து நான்கு மாதமாகியிருந்தது. ரீசார்ஜ் செய்வது வாடிக்கையாளர் வேலை என்றது நிறுவனம். அந்த சிம் எங்கள் பெயரிலேயே இல்லை. அலாரம் மாட்டிய பையன் தன் பெயரில் வாங்கிப் போட்டது, அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒப்பந்தத்தை எழுதும் தொழிலில் இருக்கும் நான், என் சொந்த ஒப்பந்தத்தில் ‘சிம்’ என்ற சொல்லே இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணை, கணக்கில் குறைந்தபட்ச இருப்பும் இல்லையானால், தொலைபேசி நிறுவனம் முடக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. களவு முயற்சியே நடக்காத வீட்டில் அலாரம் யாரையும் அழைக்காது. யாரையும் அழைக்காத சிம் ஒரு நாள் ஊமையாகிவிடும். ஆகவே மாதம் ஒருமுறை சோதனை அழைப்பு ஒன்று பேனலில் இருந்து போக வேண்டும் என்றும், அது வராத மாதத்தில் நிறுவனம் தானே விசாரிக்க வேண்டும் என்றும், சிம் வாடிக்கையாளர் பெயரில் இருக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். நீண்ட கால ஒப்பந்தமானால் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். அலாரம் அடித்ததும் தானே கைபேசிக்கு அழைக்கும் பழைய ஆட்டோ டயலர்கள் பல 2ஜி அலைவரிசையில் மட்டும் பேசுபவை. ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. ஏர்டெல் தன் 3ஜி சேவையை 2020-இல் நிறுத்திவிட்டது. ஐந்து ஆண்டுக்குள் ஓர் அலைவரிசையே மறைந்துபோகக் கூடும் என்ற நிலையில், கருவியை மாற்ற நேர்ந்தால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதை இன்றே பேசி எழுதிவிட வேண்டும். முதல் இரண்டு ஆண்டில் நேர்ந்தால் செலவு முழுவதும் நிறுவனத்துடையது, அதற்குப் பின் இருவரும் பாதிப் பாதி என்று நான் எழுதியிருக்கிறேன். வரப்போகும் மாற்றத்தை வாடிக்கையாளரைவிட நிறுவனம் முன்கூட்டியே அறியும் இடத்தில் இருக்கிறது என்பதே இந்தப் பங்கீட்டுக்குக் காரணம்.

பழுது சொன்னால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதை எல்லா ஒப்பந்தமும் சொல்லும். எத்தனை மணி நேரத்தில் சரியாகும் என்பதை அனேகமாக எதுவும் சொல்லாது. 24 மணி நேரத்துக்குள் ஒருவர் வந்து, பார்த்து, ‘போர்டு போயிருக்கிறது, மதுரையில் இருந்து வர வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போனாலே வாக்கு நிறைவேறிவிடுகிறது. களக்காட்டிலோ விக்கிரமசிங்கபுரத்திலோ இருக்கும் அடகுக் கடைக்கு அந்த வாக்கால் ஒரு பயனும் இல்லை. வருகைக்கு ஒரு காலம், பழுது நீக்கத்துக்கு ஒரு காலம், அதற்குள் முடியாவிட்டால் மாற்றுப் பேனல் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தும் கடமை என மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். மாற்றுப் பேனலும் இல்லையென்றால், அலாரம் மீண்டும் இயங்கும் வரை இரவுக் காவலாளின் கூலியை நிறுவனம் ஏற்கும் என்று எழுதும்படி கேட்கலாம். நிறுவனங்கள் இதற்குத் தயங்குவது நியாயமே. அதற்கு நாள் வரம்பு ஒன்று வைத்தால் ஒத்துக்கொள்வார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ‘இயற்கைப் பேரிடர்’ விதியை யாரும் மேலோட்டமாக வாசிப்பதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த நாட்களில், தாமிரபரணி கரை கடந்து கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், ஜங்ஷன் என்று எங்கும் நீர் புகுந்தது. தண்ணீரில் மூழ்கிய பேனலுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஏற்க முடியாதவை வேறு. அலாரம் செத்துக் கிடந்த மாதங்களுக்கும் கட்டணம் கேட்பது ஒன்று. புதுப் பேனல் வாங்கினால் ஐந்தாண்டுக் கணக்கு மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும் என்பது இன்னொன்று. நியாயமான விதி, பேரிடரால் பணி நின்ற காலத்துக்குக் கட்டணத்தையும் நிறுத்த வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல், உதாரணமாக 45 நாளுக்கு மேல் நின்றால், இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் அபராதமின்றி விலகிக்கொள்ள இடம் தர வேண்டும். பேனலைத் தரையில் இருந்து எத்தனை அடி உயரத்தில் பொருத்துவது என்பதையும் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதிக்கொள்ளும்படி ஆற்றங்கரைப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்கிறேன்.

இனிப் பொறுப்பு. களவு போனால் நிறுவனம் எவ்வளவு கொடுக்கும் என்ற கேள்விதான் பேச்சுவார்த்தையில் அதிகமாகச் சூடு பிடிக்கும் இடம். அச்சடித்த தாள்கள் பெரும்பாலும், எந்த இழப்புக்கும் எந்தக் காரணத்தாலும் பொறுப்பில்லை என்று சொல்லும். கடைக்காரர், போன நகை அத்தனைக்கும் ஈடு வேண்டும் என்பார். இரண்டும் நடக்காத காரியம். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கும் நிறுவனத்தின் தலையில் இரண்டு கோடி ரூபாய் நகைக்கான பொறுப்பை வைத்தால், அது ஒன்று மூடிவிட்டுப் போகும், இல்லையேல் கட்டணத்தைக் காப்பீட்டுப் பிரீமியம் அளவுக்கு ஏற்றும். அந்த வேலைக்கென்றே காப்பீடு இருக்கிறது. மறுபக்கம், பொறுப்பே இல்லாத காவலுக்கு யாரும் கவலையோடு வேலை செய்ய மாட்டார்கள்.

வங்கி லாக்கர் விஷயத்தில் இதே சிக்கல் ஒரு தீர்வைக் கண்டிருக்கிறது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அமிதாப தாஸ்குப்தா வழக்கில், லாக்கரில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்ற காரணத்தைச் சொல்லி வங்கிகள் கை கழுவ முடியாது என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட விதிகள், தீ, களவு, கொள்ளை, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு என்று வகுத்தன. இழப்பு முழுவதும் கிடையாது, ஆனால் ஒன்றுமில்லாமலும் இல்லை. வாங்கும் கட்டணத்தோடு பொறுப்பு இணைக்கப்பட்டிருக்கிறது. பொருளைத் தன் கட்டடத்துக்குள் வைத்திருக்கும் வங்கிக்கு நூறு மடங்கு பொருந்தும். பொருள் வாடிக்கையாளர் கையிலேயே இருக்கும் அலாரத்துக்கு அது அதிகம். சாதாரணத் தவறுக்கு ஆண்டுக் கட்டணத்தின் பத்து மடங்கு என்ற அளவில் நான் எழுதிய ஒப்பந்தங்களை இரு தரப்பும் முணுமுணுத்தபடியே ஏற்றிருக்கிறார்கள். ஆனால் பைபாஸ் செய்ததை மறைத்தல், செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதுதல், நிறுவனத்தின் ஆளே களவுக்கு உடந்தையாதல் ஆகியவற்றுக்கு எந்த வரம்பும் இருக்கக் கூடாது. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

காப்பீட்டோடு சேர்த்து வாசிப்பதும் அவசியம். கன்னக்களவுக் காப்பீட்டில், பூட்டை உடைத்தோ வன்முறையாகவோ நுழைந்திருந்தால்தான் இழப்பீடு என்ற வாசகம் இருந்தால் அதை அப்படியே பொருள் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அலாரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு வரி இருந்தால், அதுவும் அவ்வாறே எழுத்துக்கு எழுத்து வாசிக்கப்படும். அப்போது கையில் வேண்டியது சோதனைப் பதிவேடு. ஆகவே பதிவின் ஒரு நகல் அன்றே வாடிக்கையாளரிடம் சேர வேண்டும். நிறுவனத்தின் கணினியில் மட்டும் இருந்தால், சண்டை வந்த பிறகு அது கிடைக்காது.

பணம் பற்றிய விதிகளில் நீண்ட காலம் என்பதன் உண்மையான பாரம் தெரியும். ஆண்டுதோறும் பத்து சதவீதம் ஏற்றம் என்று எழுதினால், 12,000 ரூபாயில் தொடங்கும் கட்டணம் ஐந்தாம் ஆண்டில் 17,569 ரூபாய் ஆகும், மொத்தம் 73,261. ஐந்து சதவீதமானால் மொத்தம் 66,308. இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, எழுதிய தொகை வரி சேர்த்ததா சேர்க்காததா என்பதை எழுத மறந்தால் முதல் பில்லிலேயே மனஸ்தாபம். ஏற்றமே கூடாது என்று அடம் பிடிப்பதும் சரியல்ல. பெட்ரோல் விலையும் மெக்கானிக் சம்பளமும் ஏறும்போது கட்டணம் ஏறாவிட்டால், நிறுவனம் வருகையைக் குறைத்தோ தேர்ச்சியில்லாத ஆளை அனுப்பியோ ஈடுகட்டிக்கொள்ளும், அந்த நட்டம் கடைசியில் வாடிக்கையாளருடையதே.

ஐந்தாண்டு ஒப்பந்தம் ஏன் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் விலகும் விதியை நியாயமாக எழுதலாம். கருவிகளைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தத் தள்ளுபடியை மாதக் கட்டணத்தில் மெல்ல மெல்ல மீட்பது நிறுவனத்தின் கணக்கு. 30,000 ரூபாய் தள்ளுபடி கொடுத்து, மாதம் 1,000 ரூபாய் வீதம் 60 மாதம் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 500 ரூபாய் தள்ளுபடியை மீட்பதற்கு, மீதி 500 ரூபாய் பணிக்கு. 36 மாதம் கழித்து வாடிக்கையாளர் விலகினால், நிறுவனத்துக்கு இன்னும் மீளாமல் இருப்பது 24 மாதத்துக்கான 12,000 ரூபாய். அதைக் கொடுத்துவிட்டுத்தான் விலக வேண்டும்; அது கடன். அச்சடித்த தாளோ மீதி மாதங்களின் முழுக் கட்டணமாகிய 24,000 ரூபாயையும் கேட்கும். செய்யப்போகாத வேலைக்குக் கூலி கேட்பது அது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் தொகை குறித்திருந்தாலும் அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. நீதிமன்றத்துக்குப் போய் அதைப் பெறுவதைவிட, மாதம் குறையக் குறையத் தொகையும் குறையும் ஓர் அட்டவணையை முதலிலேயே இணைத்துவிடுவது இருவருக்கும் நல்லது. சேவை தொடர்ந்து மூன்று தடவை தவறினால் இந்தத் தொகையும் இல்லாமல் விலகலாம் என்ற வரியும் அதனுடன் வர வேண்டும். ‘முப்பது நாளுக்கு முன் சொல்லாவிட்டால் தானாகவே இன்னும் ஐந்தாண்டு நீடிக்கும்’ என்ற வரியைக் கண்டால் தயங்காமல் அடித்துவிடுங்கள்.

விலகும்போது காசைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருக்கிறது. பேனலின் உள் அமைப்பைத் திறக்கும் மெக்கானிக் குறியீட்டு எண்ணும், கைபேசிச் செயலியின் தலைமைக் கணக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்த பிறகு அதைத் தர மறுத்தால், விலை கொடுத்து வாங்கிய பேனலை வேறு எந்த மெக்கானிக்கும் தொட முடியாது. கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான். கருவியின் சொத்துரிமை யாருடையது என்று எழுதுவதோடு, முடியும் நாளில் அந்த எண்ணையும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும் என்றும், தலைமைக் கணக்கு முதல் நாளில் இருந்தே வாடிக்கையாளரின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். எந்தச் சன்னலில் சென்சார் இல்லை, வீட்டார் எந்த மாதம் ஊரில் இருப்பதில்லை என்பதெல்லாம் அறிந்தவர் மெக்கானிக். அவர் வேலையை விட்டுப் போனால், ஒரு வாரத்துக்குள் அவர் அறிந்த எண்கள் எல்லாவற்றையும் மாற்றித் தருவது நிறுவனத்தின் கடமை என்ற வரியைச் சேர்க்க மறந்துவிடக் கூடாது.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும் என்பதையும் மிகைப்படுத்தாமல் அறிந்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற ஒன்றை முதன்முறையாக வரையறுத்தது. இழப்புக்குப் பொருந்தாத அபராதம், தக்க காரணமின்றி ஒரு தரப்பே முறித்துக்கொள்ளும் உரிமை, நுகர்வோரின் சம்மதமின்றி அவருக்குப் பாதகமாக ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிவிடுதல் முதலியன அதில் அடங்கும். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை எதிர்க்கும் புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும், நம் பக்கத்துக்கு அதன் மதுரை அமர்வு. சேவைக் குறைபாட்டுப் புகாரானால் மாவட்ட ஆணையத்திலேயே, தாம் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். ‘சென்னை நீதிமன்றங்கள் மட்டும்’ என்ற வரியோ, நடுவர் மன்ற விதியோ அதைத் தடுக்காது. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ‘முப்பது நாளுக்குள் புகார் தராவிட்டால் உரிமை போய்விடும்’ என்ற வகை விதி ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி செல்லாது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு வீட்டுக்காரருக்கு எளிதாகக் கிடைப்பதுபோல் கடைக்காரருக்குக் கிடைக்காது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்லர் என்று அதே சட்டம் சொல்கிறது. சமமில்லாத பேரத்தில் திணிக்கப்பட்ட அநியாய விதி செல்லாது என்று 1986-இல் பிரஜநாத் கங்குலி வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமும், இரு தரப்பும் வணிகர்களாக இருக்கும் வணிக ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது என்று சேர்த்தே சொன்னது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1984-இல் தன் 103-ஆம் அறிக்கையிலும், 2006-இல் 199-ஆம் அறிக்கையிலும் எழுதியும் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. ஆகவே நகைக் கடைக்கும் அரிசி ஆலைக்கும் கையெழுத்துக்கு முன் திருத்துவதே பாதுகாப்பு.

வாடிக்கையாளர் பக்கத்துக் கடமைகளையும் அதே கண்டிப்போடு எழுத வேண்டும். தீபாவளிச் சரக்குக்காகப் புது ரேக் அடித்து சென்சாரின் பார்வையை மறைத்துவிட்டு, அலாரம் அடிக்கவில்லை என்று நிறுவனத்தைக் குறை சொல்லும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தில் மாற்றம் செய்தால் பத்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கடைப் பையன் எண்ணைத் தவறாக அழுத்தி அழைத்த வருகைக்குத் தனிக் கட்டணம் உண்டு. வந்த ஆளை வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினால் அது ஒரு வருகையாகக் கணக்காகும். பணம் குறித்த நாளில் வர வேண்டும். நான் நிறுவனங்களுக்காக எழுதும்போது முதலில் கேட்டு வாங்கும் விதிகள் இவை.

டவுன் கடைக்கு நாங்கள் எழுதிய புதிய ஒப்பந்தம் தமிழில் இருக்கிறது, நான்கு பக்கம். பின்னால் இரண்டு பக்க இணைப்பு. ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் எண், அது இருக்கும் இடம், சோதித்த நாள். வருகைத் தாளில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது மூன்று கட்டங்கள் இருக்கின்றன: மெயின் அணைத்த நேரம், சைரன் எத்தனை நிமிடம் ஒலித்தது, முடிவில் எத்தனை வோல்ட். புரட்டாசி வருகையில் மெக்கானிக் அவற்றை நிரப்பிவிட்டுத் தாளை நீட்டியபோது, மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு தடவை போடுங்க தம்பி, நானும் மணி பாத்துக்கிடுதேன்” என்று சொல்லித் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.